பெயருக்குள்ளே மதராசப்பட்டினம்

பெயரும் பயிரும்

கேள்வி: "கீழாநெல்லி காயவைத்து மூலிகை வியாபாரிக்கு அனுப்பினோம். இரண்டு மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே வந்த சீட்டில் ஆங்கில எழுத்தில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் 'மதெராஸ்படென்சிஸ்' என்று தடுமாறித் தடுமாறிப் படித்தான். இது ரசாயனத்தின் பெயரா, நோயின் பெயரா? இதை எப்படிப் படிப்பது, என்ன அர்த்தம்?"
– செய்யாறு வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: ரசாயனமும் இல்லை, நோயும் இல்லை. அது ஒரு செடியின் பெயர். அதுவும் செய்யாறுக்காரர்களுக்குத் தெரிந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் செடி. வாசகியின் வீட்டில் நடந்ததைச் சொன்னால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

அந்தக் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், கிணற்றுப் பாசனம். நெல் போக மிச்சமிருந்த இருபது சென்ட்டில் கீழாநெல்லி விதைத்தார்கள். மூன்று மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும், செலவும் குறைவு என்று கேள்விப்பட்டுத்தான் இறங்கினார்கள். பாத்தியில் கிடைத்தது போதவில்லை என்று வரப்பிலும் மேட்டிலும் முளைத்திருந்ததையும் பிடுங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். அதுவும் நெல்லி இலை மாதிரி சின்ன இலை, அதுவும் கடுகை விடக் கொஞ்சம் பெரிய பச்சைக் காய். எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து நிழலில் உலர்த்தி மூட்டை கட்டினார்கள்.

மூட்டை திரும்பி வந்ததும் வீட்டில் ஒரே குழப்பம். "இன்னா பாப்பா இது, பூச்சிமருந்து பேரு மாதிரி இருக்குது? நாம ஒரு மருந்தும் அடிக்கலையே" என்று அம்மா மகளிடம் கேட்டிருக்கிறார். மண்ணிலேயே ஏதோ விஷம் இருக்கிறது போல, இனி அந்த இருபது சென்ட்டில் எதுவும் வைக்க வேண்டாம் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். படிக்கத் தெரியாத ஒரு சொல்லால் நல்ல நிலத்தைத் தரிசாகப் போட இருந்தார்கள்.

மகள் பத்தாம் வகுப்பு. பள்ளியில் அப்போதுதான் அசை பிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். "இரும்மா, உடைச்சுப் பார்க்கலாம்" என்று நோட்டை எடுத்தாள்.

அசை பிரித்தால் பயம் போகும்

எவ்வளவு நீளமான தாவரப் பெயராக இருந்தாலும் படிக்க ஒரே வழி இதுதான். ஓர் உயிரொலி வரும் இடமெல்லாம் ஓர் அசை என்று வைத்துக்கொண்டு துண்டுபோட வேண்டும். லத்தீன் பெயரில் எழுதியிருக்கும் உயிரெழுத்தெல்லாம் ஒலிக்கும். ஆங்கிலத்தில் இருப்பது போல எழுத்து இருந்தும் சத்தம் இல்லாத இடம் அநேகமாகக் கிடையாது. அதனால் ஒருவகையில் ஆங்கிலத்தை விட இது சுலபம்.

ம – தெ – ராஸ் – ப – டென் – சிஸ்.

ஆறு அசை. குரலின் அழுத்தம் 'டென்' என்ற இடத்தில் விழ வேண்டும். லத்தீனில் கடைசிக்கு முந்தைய அசை கனமாக இருந்தால் அழுத்தம் அங்கே விழும். அது லேசான குறிலாக இருந்தால் இன்னும் ஓர் அசை முன்னே போய்விடும். 'டென்' என்பதில் உயிருக்குப் பின்னால் மெய் வந்து அடைத்துக்கொள்வதால் அது கனமான அசை.

தமிழ் யாப்பில் பிரித்தால் கணக்கு மாறும். இரண்டு குறில் சேர்ந்து வந்தால் தமிழில் அது ஒரே அசை. அந்தப் பெண் நோட்டில் எழுதியது இப்படி: மதெ – ராஸ் – படென் – சிஸ். நிரை, நேர், நிரை, நேர். வாய்பாடு சொன்னால் புளிமா, புளிமா. வாயில் நுழையாது என்று நினைத்த பெயர் தோப்புக்குள் நடப்பது போல ஆகிவிட்டது. இரண்டு தரம் சொன்னதும் அம்மாவே நிறுத்திக் கேட்டிருக்கிறார்: "மதெராஸ்னா… மெட்ராஸா?"

ஆமாம், மெட்ராஸ்தான்.

ஊர்ப்பெயரும் வாலும்

அந்தச் சொல்லை அர்த்தத்துக்காகப் பிரித்தால் இரண்டே துண்டு. முன்னால் இருக்கும் 'மதெராஸ்பட்' என்பது மதராசப்பட்டினம். பின்னால் இருக்கும் 'என்சிஸ்' என்பது 'அந்த ஊருக்குரிய' என்று பொருள் தரும் லத்தீன் வால். சேர்த்துச் சொன்னால் 'மதராசப்பட்டினத்து'. மதுரை மல்லி, பண்ருட்டிப் பலா என்று ஊர்ப்பெயரை முன்னால் வைத்துச் சொல்வது தமிழ் வழக்கம். லத்தீனில் செடியின் பெயர் முன்னால் வரும், ஊர் பின்னால் வரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

1639-ல் கிழக்கிந்திய கம்பெனி கோட்டை கட்ட இடம் வாங்கிய கடற்கரை அது. ஐரோப்பியர்கள் அந்த ஊர்ப்பெயரை வாய்க்கு வந்தபடி நடுவில் உயிரெழுத்தெல்லாம் சேர்த்து எழுதினார்கள். 1690-களில் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் என்பவர் சுற்று வட்டாரச் செடிகளைக் காயவைத்து லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றைப் பற்றி எழுதினார். இப்படி மெட்ராஸ் பக்கத்துச் செடிகள் ஐரோப்பியப் புத்தகங்களில் ஏறின. ஸ்வீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் 1753-ல் ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொல்லில் பெயர் தரும் முறையைத் தன் நூலில் கொண்டுவந்தார். அதற்கு முன் ஒரு செடியின் பெயர் ஒரு வாக்கியம் அளவுக்கு நீண்டிருக்கும். அந்த 1753 நூலில்தான் 'ஃபில்லாந்தஸ் மதெராஸ்படென்சிஸ்' என்ற பெயரும் வருகிறது.

இதில் முதல் சொல் இனத்தின் பெயர். குடும்பப் பெயர் மாதிரி. இரண்டாவது சொல் பெரும்பாலும் உரிச்சொல் போல நின்று, அந்தக் குடும்பத்தில் இவர் யார் என்று சொல்லும். முதல் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள், இரண்டாவதைச் சிறிய எழுத்தில் தொடங்குவார்கள். சீட்டில் பெயருக்குப் பின்னால் ஆங்கில 'எல்' எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தால் லிட்டர் என்று நினைக்க வேண்டாம். லின்னேயஸ் வைத்த பெயர் என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஊர்ப்பெயர் இருப்பதால் அந்தச் செடி அந்த ஊரில் மட்டும் வளரும் என்று அர்த்தமில்லை. மதராசப்பட்டினத்துச் செடி ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும்கூட வளர்கிறது. பெயர் வைத்தவர்கள் எந்த ஊரோடு சேர்த்து அதை அறிந்தார்கள் என்பதைத்தான் அந்த வால் சொல்கிறது.

வியாபாரி சொன்னது என்ன?

'ஃபில்லாந்தஸ்' என்பதும் இரண்டு துண்டுதான். 'ஃபில்லான்' என்றால் கிரேக்க மொழியில் இலை, 'ஆந்தோஸ்' என்றால் பூ. இலைப்பூ. இந்த இனத்தில் சில செடிகளுக்கு இலை போலத் தட்டையான கிளையிலேயே பூ வரும். மரத்தில் காய்க்கும் பெரிய நெல்லியும் இதே இனம்தான். அதன் பெயர் ஃபில்லாந்தஸ் எம்ப்ளிகா. முழங்கால் உயரம்கூட வராத பூண்டையும் மரத்தையும் ஒரே 'நெல்லி' என்ற பெயரில் சேர்த்தவர்கள் தமிழர்கள். லத்தீன் பெயரும் இரண்டையும் ஒரே இனத்தில்தான் வைத்திருக்கிறது.

வியாபாரி கேட்ட கீழாநெல்லியின் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். 'அமாரஸ்' என்றால் கசப்பு. அது 1827-ல் வைத்த பெயர். திரும்பி வந்த மூட்டையில் கலந்திருந்தது மதெராஸ்படென்சிஸ், அதாவது மேலாநெல்லி. சீட்டு சொன்னது 'வேறு செடி கலந்திருக்கிறது' என்பதை மட்டுமே. மண்ணைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

தமிழ்ப் பெயரைப் பிரித்திருந்தாலும் இது தெரிந்திருக்கும். கீழாநெல்லிக்குக் கீழ்க்காய்நெல்லி என்ற பெயரும் உண்டு. கீழ், காய், நெல்லி என்று மூன்று துண்டு. காய் எங்கே இருக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. வாயில் தேய்ந்து தேய்ந்து கீழாநெல்லி ஆனதும் 'காய்' மறைந்துவிட்டது. கூடவே அடையாளமும் மறந்துபோனது.

வயலிலேயே பிரிக்க வேண்டும்

காய்ந்து நொறுங்கி, தூளான பிறகு இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. பச்சையாக நிற்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

கீழாநெல்லி (அமாரஸ்): நடுத்தண்டு நேராக நிற்கும். அதில் உண்மையான இலை இருக்காது, சின்னச் செதில்தான் இருக்கும். பக்கக் கிளைகள் மெல்லியவை. ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசையாக இலை இருப்பதால் புளிய இலை மாதிரித் தெரியும். இலை நீள்வட்டம், நுனி மழுங்கல். கிளையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் காய்கள் வரிசையாகத் தொங்கும். காய் வழவழப்பாக இருக்கும். பூவில் ஐந்து இதழ். விதையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் முதுகில் நீளவாக்கில் கோடுகள் இருக்கும்.

மேலாநெல்லி (மதெராஸ்படென்சிஸ்): நடுத்தண்டிலும் கிளையிலும் இலை இருக்கும். இலைகள் இரண்டு வரிசையாக இல்லாமல் தண்டைச் சுற்றி ஏறும். இலை ஆப்பு வடிவம். நுனி அகலம், அடி குறுகல். அடித்தண்டு கட்டை போல இறுகியிருக்கும். புளிய இலைத் தோற்றம் இதில் வராது.

சிவப்புக் கீழாநெல்லி (ஃபில்லாந்தஸ் யூரினேரியா): மூன்றாவதாக இதுவும் கலக்கும். தண்டில் செம்மை ஓடும். காய்க்குக் காம்பு இல்லாதது போல இலையடியிலேயே ஒட்டியிருக்கும். காயின் தோல் சொரசொரப்பு. விதையில் கோடுகள் குறுக்குவாட்டில் இருக்கும்.

மூன்றும் நாட்டு மருத்துவத்தில் இடம் உள்ளவைதான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று போகக் கூடாது. வாங்கிச் சாப்பிடுகிறவர் நோயாளி. மூட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை நம்பித்தான் மருந்து தயாராகிறது. மஞ்சள் காமாலை என்று தெரிந்தால் வரப்பில் கிடைத்ததைப் பிடுங்கி அரைத்துக் குடித்துவிட்டுக் காத்திருப்பதும் ஆபத்து. முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொரு பெயர்க் குழப்பமும் உண்டு. பழைய புத்தகங்களிலும் பல பாக்கெட்டுகளிலும் கீழாநெல்லிக்கு 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்று போட்டிருக்கும். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி, நம் வயலில் இருப்பது பெரும்பாலும் அமாரஸ் என்று தாவரவியலார் பிரித்துவிட்டார்கள். ஆர்டரில் நிரூரி என்று வந்தால், அமாரஸைத்தான் கேட்கிறீர்களா என்று விதைப்பதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

தெரிந்துவைத்தால் உதவும் துண்டுகள்

பத்துப் பன்னிரண்டு துண்டுகள் தெரிந்தால் போதும், விதைப் பாக்கெட்டிலும் நாற்றுப்பண்ணைப் பலகையிலும் இருக்கும் நீளப் பெயர்கள் பாதி புரிந்துவிடும்.

என்சிஸ் – ஊருக்குரிய. தேயிலை 'சைனென்சிஸ்', சீனத்து. ரப்பர் 'பிரசிலியென்சிஸ்', பிரேசில் நாட்டு. ஆலமரமும் களையாக வரும் கானாம்வாழையும் 'பெங்காலென்சிஸ்', வங்காளத்து. ஆலும் கானாம்வாழையும் உறவில்லை, இனப்பெயர் வேறு வேறு. இரண்டாவது சொல்லை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

ஃபெரா, ஃபெர் – தாங்குவது, தருவது. முருங்கை 'ஒலியிஃபெரா': ஒலியம் என்றால் எண்ணெய். முருங்கை விதையில் எண்ணெய் எடுக்கலாம். பனை 'ஃப்ளபெல்லிஃபெர்', விசிறி தாங்கி. பனையோலையைப் பார்த்தவர் வேறு எந்தப் பெயர் வைப்பார்?

ஃப்ளோரா – பூ. அகத்தி 'கிராண்டிஃப்ளோரா', பெரிய பூ.

ஃபில்லஸ் – இலை. பலா 'ஹெட்டிரோஃபில்லஸ்', வேறு வேறு இலை. பலாங்கன்றின் இலையில் பிளவு இருக்கும், வளர்ந்த மரத்தின் இலை முழுசாக இருக்கும்.

குவாட்ரி, டெட்ரா – நான்கு. பிரண்டை 'குவாட்ராங்குலாரிஸ்', நாற்கோணத் தண்டு. கொத்தவரை 'டெட்ராகோனோலோபா': டெட்ரா நான்கு, கோனோ கோணம், லோபா நெற்று. டெ – ட்ரா – கோ – னோ – லோ – பா. இதுவும் ஆறு அசைதான். இங்கே கடைசிக்கு முந்தைய 'லோ' லத்தீனில் குறில் என்பதால் அழுத்தம் அதற்கு முன்னால் உள்ள 'னோ'வில் விழும்.

எஸ்குலென்டா – உண்ணத் தக்கது. சேம்புக்கும் மரவள்ளிக்கும் இந்தப் பெயர். 'உண்ணத் தக்கது' என்பதால் பச்சையாகத் தின்னலாம் என்று அர்த்தமில்லை. இரண்டையும் நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

அஃபிஸினாலே, அஃபிஸினாலிஸ் – மருந்துக்கடைச் சரக்கு. இஞ்சிக்கு இந்தப் பெயர்.

வால் மாறினால் செடி மாறுமா?

முசுமுசுக்கையை ஒரு புத்தகத்தில் 'மதெராஸ்படானா' என்றும் இன்னொன்றில் 'மதெராஸ்படானஸ்' என்றும் போட்டிருப்பதைப் பார்த்து வேறு வாசகர் ஒருவரும் கேட்டிருந்தார். இரண்டும் ஒரே செடிதான். 'ஆனா', 'ஆனஸ்' என்பவையும் 'என்சிஸ்' போல ஊரைக் குறிக்கும் வால்கள். லத்தீனில் பெயருக்கு ஆண்பால், பெண்பால் உண்டு. இனப்பெயர் எந்தப் பாலோ அதற்கேற்ப உரிச்சொல்லின் வால் மாறும். முசுமுசுக்கையை முன்பு 'முக்கியா' என்ற இனத்தில் வைத்திருந்தார்கள். அது பெண்பால், அதனால் 'மதெராஸ்படானா'. பிறகு வெள்ளரியின் இனமான 'குக்குமிஸ்' என்பதில் சேர்த்தார்கள். அது ஆண்பால், அதனால் 'மதெராஸ்படானஸ்'. 'அவன் வந்தான், அவள் வந்தாள்' என்பது போலத்தான். உடல் ஒன்றாக இருந்து, வாலில் ஓரிரு எழுத்து மட்டும் மாறினால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உச்சரிப்பில் 'மதெராஸ்' என்றாலும் 'மெடராஸ்' என்றாலும் யாரும் தப்புச் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு நாட்டுத் தாவரவியலாரும் தங்கள் நாக்குக்கு ஏற்பத்தான் சொல்கிறார்கள். எழுத்துக்கூட்டு மட்டும் உலகம் முழுக்க ஒன்று. அதனால் வியாபாரப் பேச்சைத் தொலைபேசியில் முடிக்காமல் எழுத்தில் வாங்க வேண்டும். மூட்டைச் சீட்டில் தமிழ்ப் பெயர், இரண்டு சொல் லத்தீன் பெயர், பிடுங்கிய தேதி, வயலா வரப்பா என்ற நான்கும் இருந்தால் பிறகு தகராறு வராது. ஒவ்வொரு அறுவடையிலும் காயோடு ஒரு முழுச் செடியைச் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து வைத்துக்கொள்வதும் நல்லது. இதுதான் நாங்கள் அனுப்பியது என்று காட்ட அது ஒன்று போதும்.

செய்யாறு வாசகியின் வீட்டில் இந்த முறை மழைக்கு அதே இருபது சென்ட்டில் கீழாநெல்லி முளைத்திருக்கிறது. பிடுங்க வரும் பெண்களிடம் மகள் ஒரே ஒரு வேலை சொல்லியிருக்கிறாள். கிளையைத் திருப்பிப் பாருங்க அத்தை, அடியில வரிசையா காய் இருந்தா இந்தக் கூடை, இல்லைன்னா அந்தக் கூடை. போன முறை திரும்பி வந்த மூட்டைகள் கலந்துபோனவை என்பதால் விற்க முடியாது, எருக்குழிக்குப் போய்விட்டன. மேலாநெல்லிக் கூடை தனியாகக் காய்கிறது. அதற்கு வாங்குபவர் இன்னும் கிடைக்கவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மூட்டைக்கான சீட்டை மட்டும் அம்மாவே எழுதப் பழகியிருக்கிறார். ஆறு அசையையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, ஓர் எழுத்துக்கூட விடாமல்.